எட்டாயிரம் பங்குகள்

திருமங்கலத்தைக் கடந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை கரிசல் நிலத்தினூடாகத் தூத்துக்குடிக் கடலை அடைகிறது. அங்கிருந்து கொழும்புக்குப் போகும் மக்களையும் சரக்கையும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஏற்றிச் சென்ற காலம் அது. அத்தடத்தில் போட்டிக்கு இறங்க எண்ணிய வ.உ. சிதம்பரம் பிள்ளை ஒரு வழக்கறிஞர். கப்பலும் இல்லை, அதை வாங்கும் வசதியும் இல்லை.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். ஆசியர் மட்டுமே வாங்கலாம் என்பது விதி. ஆனால் கப்பலே இல்லாத கம்பெனியில் எவர் முதலில் பணம் போடுவார்?

இன்று புதுத் தொழில் தொடங்குவோர் 'முன்னணி முதலீட்டாளர்' ஒருவரைத் தேடி அலைகிறார்கள். பெருந்தொகையை முதலில் வைத்துப் பிறர் தயக்கத்தை நீக்குபவர் அவர். வ.உ.சி.க்கு அந்தப் பொறுப்பை இருவர் பகிர்ந்துகொண்டதாகக் கொள்ளலாம். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அவரது பெயரே ஒரு பிணை. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மொத்த மூலதனத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. சேட் செயலாளர், கம்பெனியை உருவாக்கிய வ.உ.சி.யோ உதவிச் செயலாளர்!

முதலில் வாடகைக் கப்பல்கள் ஓடின. வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலால் அவற்றைத் தந்தவர் பின்வாங்கவே, சொந்தக் கப்பல் இன்றியமையாததாயிற்று. 1907-இல் 'காலியா', 'லாவோ' இரண்டும் வந்து சேர்ந்தன. எதிரி கட்டணத்தைக் குறைத்தான். பழைய பெருங்கம்பெனி நட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும். பங்குத் தொகையையே நம்பிய இளங்கம்பெனி எத்தனை நாள் தாங்கும்?

1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தேவரும் மறைந்தார்.

சங்கத்துக்கு அளிப்பது கொடை. பெற்றவர் தோற்றாலும் புரவலனுக்குப் புகழ் மிஞ்சும். பங்கு அப்படியன்று. கம்பெனியோடு பணமும் மூழ்கும். அதை அறிந்தே 2 லட்சம் வைத்தவரின் துணிவு, சிறை சென்றவரின் தியாகத்துக்குப் பக்கத்தில் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், அந்த முதல் தொகை இல்லாமல் காலியா நம் துறைமுகத்துக்கு வந்திருக்குமா என்பது ஐயமே. கப்பலோட்டிய தமிழரைப் போற்றும் நாம் சேட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.