ஒரு பப்பை மூடக் கூடாதுன்னு தெருவுக்கு வந்த ஆயிரக்கணக்கான மக்கள்: மெல்போர்னின் 'டோட்' காப்பாற்றப்பட்டது எப்படி?

ஒரு பப்பை மூடப் போறாங்க. அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் நாடாளுமன்றக் கட்டடம் நோக்கி ஊர்வலம் போறாங்க. 13 வருஷம் கழிச்சு அதே பப் விலைக்கு வருது. இந்த முறை பொதுமக்கள் 30 லட்சம் டாலர் திரட்டிக் கொடுக்குறாங்க.

கேட்கும்போது, 'குடிக்கிற இடத்துக்கா இவ்வளவு?' என்றுதான் தோணும். ஆனால் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் நடந்த இந்தப் போராட்டம் குடிக்காக நடந்தது இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன மேடைக்காக நடந்தது.

அப்படி அந்த மேடையில் என்ன இருக்கு? ஏன் மூட வேண்டி வந்தது? மக்கள் அதை எப்படி மீட்டார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டோட் என்பது என்ன?

மெல்போர்ன் நகரத்தை ஒட்டிய காலிங்வுட் பகுதியில், ஜான்ஸ்டன் தெருவும் வெல்லிங்டன் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கும் பழைய பப்தான் 'தி டோட்'. இதன் முந்தைய பெயர் ஐவன்ஹோ ஹோட்டல். ஆஸ்திரேலியாவில் பப்புகளை 'ஹோட்டல்' என்று சொல்வது வழக்கம். மது விற்க உரிமம் வேண்டுமானால் தங்கும் அறைகளும் இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்ததுதான் காரணம்.

'டோட்' என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1893-ல் இருந்து 1906 வரை இதே ஜான்ஸ்டன் தெருவில் ஜான் ரென் என்பவர் சட்டவிரோதமாகக் குதிரைப் பந்தய சூதாட்டக் கூடம் நடத்தினார். அந்தக் கூடத்துக்குப் பெயர் டோட். அதையே பிற்காலத்தில் பப்புக்கும் வைத்துவிட்டார்கள்.

1980களில் இருந்து இங்கே பங்க், ராக் இசைக்குழுக்கள் வாசித்து வருகின்றன. பெரிய அரங்கம் எல்லாம் இல்லை. தரை ஒட்டும், சுவரெல்லாம் போஸ்டர், மேடைக்கும் ரசிகருக்கும் நடுவில் சில அடி தூரம்தான். ஆனால் புதுசாக ஆரம்பித்த ஒரு குழுவுக்கு முதல் வாய்ப்பு கிடைப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

பப்புக்கும் இசைக்கும் என்ன சம்பந்தம்?

ஆஸ்திரேலியாவின் ராக் இசை வளர்ந்ததே பப்புகளில்தான். விக்டோரியா மாநிலத்தில் 1966 வரை பப்புகளை மாலை 6 மணிக்கே மூடணும். அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து இரவு 10 மணி வரை திறக்கலாம் என்றானதும், வந்தவர்களை உட்கார வைக்க ஏதாவது வேண்டியிருந்தது. இசைக்குழுக்கள் உள்ளே வந்தன. 1970களில் ஏசி/டிசி, கோல்ட் சிசல், மிட்நைட் ஆயில் போன்ற குழுக்கள் பப் பப்பாக ஏறி இறங்கித்தான் பெயர் வாங்கின.

1990களில் நிலைமை மாறியது. விக்டோரியாவில் பப்புகளுக்குள் சூதாட்ட மெஷின்கள் வந்தன. மெஷினுக்கு சம்பளம் கிடையாது, ஒத்திகை கிடையாது, சத்தமும் குறைவு. பல இடங்களில் மேடை போய் மெஷின் வந்தது. அதைத் தாண்டியும் இசையை விடாமல் நடத்திய சில இடங்களில் ஒன்றுதான் டோட்.

2010-ல் ஏன் மூடினார்கள்?

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். 2000களின் இறுதியில் மெல்போர்ன் நகர மையத்தில் இரவு நேரக் குடிபோதைத் தகராறுகள் பெரிய பிரச்சினையாக இருந்தன. அரசு நடவடிக்கை எடுத்தே ஆகணும் என்ற அழுத்தம். அதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் மது உரிமத் துறை கையில் எடுத்த அளவுகோல்தான் பிரச்சினையானது. நேரடி இசை நடக்கும் இடங்களை 'அதிக ஆபத்து' உள்ள இடங்களாகக் கருதி, உரிமத்தில் கடுமையான நிபந்தனைகளைச் சேர்த்தார்கள். இசை நடக்கும் நேரத்தில் முதல் 100 பேருக்கு 2 பாதுகாவலர்கள், அதற்கு மேல் ஒவ்வொரு 100 பேருக்கும் இன்னொருவர் என்பது வழக்கமான நிபந்தனை. கூடவே கண்காணிப்புக் கேமராக்கள். உரிமக் கட்டணமும் ஏறியது.

இதன் நடைமுறை விளைவு என்ன? ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 30 பேர் வந்து அமைதியாகப் பாட்டு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக் வைத்துப் பாடினால் வாசலில் ரெண்டு பவுன்சர் நிற்கணும். அன்றைக்கு வரும் வருமானம் அவர்கள் கூலிக்கே போதாது. அப்போ முதலாளி என்ன செய்வார்? பாட்டை நிறுத்துவார்.

டோட்டை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர் புரூஸ் மில்ன். தன்னுடைய இடத்தில் தகராறே இல்லாதபோது அதை நகர மையத்தின் நைட் கிளப்புகளோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை என்பது அவர் வாதம். நிபந்தனைகளை எதிர்த்துப் போராடிப் பார்த்தார். பணம் தாங்கவில்லை. 2010 ஜனவரி நடுவில் மூடப் போவதாக அறிவித்தார். ஜனவரி 18 கடைசி நாள். அதற்கு முந்தைய நாள் சுமார் 2,000 பேர் பப் வாசலில் திரண்டு தெருவை நிரப்பினார்கள்.

மக்கள் என்ன செய்தார்கள்?

வாசலில் கூடியதோடு விஷயம் முடிந்திருந்தால் டோட்டும் மூடிய பப்புகளின் பட்டியலில் ஒன்றாகப் போயிருக்கும். அடுத்து நடந்ததுதான் முக்கியம்.

இசைக் கலைஞர்களும் ரசிகர்களும் சேர்ந்து 'ஸ்லாம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒத்திகை ஸ்டூடியோ நடத்தி வந்த ஹெலன் மார்கூ, குவின்சி மெக்லீன் இருவரும் முன்னணியில் நின்றார்கள். அவர்கள் 'டோட்டைத் திறங்க' என்று மட்டும் கேட்கவில்லை. 'நேரடி இசைக்கும் அதிக ஆபத்துக்கும் முடிச்சுப் போடுவதை நிறுத்துங்க' என்று கேட்டார்கள். ஒரு கடையின் பிரச்சினை மாநிலம் முழுவதற்குமான கோரிக்கையாக மாறியது.

ஊர்வலத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த தேதி பிப்ரவரி 23. அதற்கும் காரணம் இருக்கு. 1976-ல் இதே தேதியில்தான் ஏசி/டிசி குழு மெல்போர்னின் ஸ்வான்ஸ்டன் தெருவில் லாரி மேல் நின்று பாடிய புகழ்பெற்ற வீடியோ படமாக்கப்பட்டது. 2010-லும் லாரி மேல் இசைக்கலைஞர்கள் வாசிக்க, பின்னால் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் 10,000 முதல் 20,000 பேர் வரை இருக்கும் என்கின்றன அன்றைய கணக்குகள். மாநில நாடாளுமன்றப் படிக்கட்டில் ஊர்வலம் முடிந்தது.

அது தேர்தல் ஆண்டு வேற. ஊர்வலத்துக்கு முன்பே அரசு இறங்கி வந்து இசைத் துறையோடு ஒப்பந்தம் போட்டது. பாதுகாவலர் நிபந்தனையை மாற்றக் கேட்டு இசை அரங்குகள் விண்ணப்பிக்க வழி பிறந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் புதிய குத்தகைதாரர்களோடு டோட் மறுபடியும் திறந்தது.

2011-ல் மாநில மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நோக்கங்களிலேயே நேரடி இசைத் துறையின் வளர்ச்சியும் சேர்க்கப்பட்டது. ஆபத்து என்று முத்திரை குத்தப்பட்ட ஒன்று, வளர்க்க வேண்டிய துறையாகச் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

சத்தம்: யார் செலவு செய்யணும்?

உரிமப் பிரச்சினை தீர்ந்தாலும் இசை அரங்குகளுக்கு இன்னொரு தலைவலி உண்டு. அது பக்கத்து வீட்டுக்காரர்.

காலிங்வுட் ஒரு காலத்தில் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. வாடகை குறைவு என்பதால் கலைஞர்கள் வந்தார்கள். அவர்களால் ஏரியா பிரபலமானது. பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தன. புதுசாக வீடு வாங்கியவர் ராத்திரி தூங்க முடியலை என்று புகார் கொடுக்கிறார். அவர் தூக்கமும் முக்கியம்தானே? ஆனால் சட்டப்படி, 30 வருஷமாக அங்கே இருக்கும் பப்தான் லட்சக்கணக்கில் செலவழித்துச் சத்தத்தைத் தடுக்கணும் அல்லது இசையை நிறுத்தணும்.

இதைத் தலைகீழாக மாற்றும் விதிக்கு 'ஏஜென்ட் ஆஃப் சேஞ்ச்' என்று பெயர். எளிமையாகச் சொன்னால், மாற்றத்தைக் கொண்டு வருபவர் யாரோ, செலவும் அவருடையது. பழைய இசை அரங்கு பக்கத்தில் புதுக் குடியிருப்பு கட்டினால், ஒலி புகாத ஜன்னலும் சுவரும் வைக்க வேண்டியது பில்டரின் பொறுப்பு. பழைய குடியிருப்புக்குப் பக்கத்தில் புது இசை அரங்கு வந்தால், பொறுப்பு அரங்கு நடத்துபவருக்கு.

விக்டோரியா மாநிலம் 2014-ல் இதைத் தன் கட்டடத் திட்ட விதிகளில் சேர்த்தது. இசை அரங்கிலிருந்து 50 மீட்டருக்குள் வரும் புதுக் குடியிருப்புகளுக்கு இது பொருந்தும். இங்கிலாந்தும் 2018-ல் தனது தேசியத் திட்டக் கொள்கையில் இதே கருத்தைக் கொண்டு வந்தது.

2023: மறுபடியும் ஆபத்து

உரிமப் பிரச்சினை தீர்ந்தது. சத்தத்துக்கும் சட்டம் வந்தது. அப்புறம் ஏன் மறுபடியும் நெருக்கடி?

கட்டடம் விற்பனைக்கு வந்தது. கொரோனா காலத்தில் மெல்போர்ன் மாதக் கணக்கில் முடங்கிக் கிடந்தது. அதில் அடிவாங்காத இசை அரங்கே இல்லை. 2023-ல் டோட்டின் உரிமையாளர்கள் விற்க முடிவு செய்தார்கள். எதிர்பார்த்த விலை 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். சொத்தை விற்பது அவர்கள் உரிமை. ஆனால் வாங்குபவர் அதை அடுக்குமாடியாக மாற்ற நினைத்தால் எந்த ஊர்வலத்தாலும் தடுக்க முடியாது.

அப்போது வடக்கு மெல்போர்னில் 'தி லாஸ்ட் சான்ஸ் ராக் அண்ட் ரோல் பார்' நடத்தி வந்த தம்பதி ஒரு யோசனையோடு வந்தார்கள். பாதிப் பணத்தை நாங்க கடன் வாங்குறோம், மீதி 30 லட்சம் டாலரை மக்கள் கொடுங்க என்றார்கள். அன்றைய நம் ஊர் மதிப்பில் சுமார் 16 கோடி ரூபாய். அதோடு ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்கள். கட்டடத்தை அறக்கட்டளைக்குள் வைத்து, எப்போதும் அது நேரடி இசைக்கான இடமாகவே இருக்கும்படி செய்வோம் என்பதுதான் அது.

இணையம் வழியாக நிதி குவிந்தது. இலக்கை எட்டினார்கள். விலை பேசுவதில் இழுபறி இருந்தாலும் கடைசியில் கட்டடம் அவர்கள் கைக்கு வந்தது.

வேறு எங்காவது இப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கு. இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே உதவி செய்கிறது. 2011-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின்படி, ஒரு பப்பை 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பட்டியலில் சேர்க்கச் சொல்லி மக்கள் கவுன்சிலிடம் கேட்கலாம். சேர்த்துவிட்டால், உரிமையாளர் விற்கும்போது ஊர் மக்களுக்கு 6 மாதம் வரை அவகாசம் கிடைக்கும். அதற்குள் பணம் திரட்டி அவர்கள் விலை கேட்கலாம். ஆனால் அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை.

இந்த வழியில் முதலில் பட்டியலில் ஏறிய பப், தென்கிழக்கு லண்டனின் நன்ஹெட் பகுதியில் இருக்கும் 'ஐவி ஹவுஸ்'. 1970களில் பப் ராக் இசைக்குப் பெயர் போன இடம். 2012-ல் மூடப்பட்டது. 2013-ல் ஊர் மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து 8 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 371 பேர் பங்கு போட்டார்கள். கடனும் மானியமும் கை கொடுத்தன.

இந்த ஏற்பாடு ஏன் தேவை என்பதை அந்த நாட்டின் 'மியூசிக் வென்யூ டிரஸ்ட்' அமைப்பு தரும் கணக்கில் பார்க்கலாம். பிரிட்டனின் சிறு இசை அரங்குகளில் 93 சதவீதம் வாடகைக் கட்டடங்களில் நடப்பவை. 2023-ல் மட்டும் 125 இடங்களில் நேரடி இசை நின்றுபோனது.

எல்லாப் போராட்டமும் ஜெயிக்குமா?

இல்லை. மெல்போர்னிலேயே 'பேலஸ் தியேட்டர்' என்ற பெரிய இசை அரங்கைக் காப்பாற்ற மக்கள் வருஷக் கணக்கில் போராடினார்கள். அந்த அரங்கு 2014-ல் மூடப்பட்டது. பிறகு முகப்பை விட்டுவிட்டு மீதியை இடித்தார்கள். கூட்டம் அங்கேயும் இருந்தது. ஆனால் கட்டடம் வேறொருவர் கையில் இருந்தது.

டோட்டும் பேலஸும் சேர்ந்து சொல்லும் பாடம் இதுதான். கூட்டம் அரசைப் பேச வைக்கும். ஆனால் மேடையைக் காப்பாற்றுவது காகிதத்தில் இருக்கும் மூன்று விஷயங்கள்: உரிமத்தின் நிபந்தனை, சத்தத்துக்கான விதி, சொத்துப் பத்திரம். முதலாவது மாற 2010 ஊர்வலம் தேவைப்பட்டது. இரண்டாவது 2014-ல் வந்தது. மூன்றாவது வர 2023 ஆனது.

ஒரு சின்ன மேடையைக் காப்பாற்ற இத்தனை வருஷமா என்று கேட்கலாம். பெரிய மேடைக்குப் போகும் யாருமே நேராக அங்கே போய் நிற்பதில்லை. 30 பேர் முன்னாடி தப்புத் தப்பாக வாசித்துப் பழக ஓர் இடம் வேணும். அந்த இடத்துக்காகத்தான் மெல்போர்ன்காரர்கள் ஒரு முறை நடந்தார்கள், இன்னொரு முறை பர்ஸைத் திறந்தார்கள்.