மட்டமும் வாட்டமும்

‘சமஉயரக் கோடு’ பள்ளிப் புவியியல் பாடத்தில் வரும் சொல். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு அது. பூமியின் அடர்த்தியைக் கணிக்க 1770களில் ஸ்காட்லாந்தின் ஷீஹாலியன் மலையை அளந்தார்கள். அப்போது குவிந்துபோன உயர எண்களை ஒழுங்குபடுத்த, சார்லஸ் ஹட்டன் இத்தகைய கோடுகளை வரைந்தார்.

சொல் புதிது என்றாலும் மதுரையின் பழங்காநத்தத்தில் அந்தக் கோட்டைத் தரையிலேயே பார்க்கலாம். அருகில் மாடக்குளம் கண்மாய். பாண்டியர் கல்வெட்டுகள் ஊரையே ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று அந்தக் குளத்தை வைத்துத்தான் அடையாளம் காட்டுகின்றன. கோடையில் கண்மாய் வற்ற வற்ற, ஓரச் சேற்றில் வரிவரியாகத் தடம் விழும். ஒவ்வொரு வரியும் ஒருநாள் தண்ணீர் நின்ற மட்டம்; ஆகவே ஒவ்வொன்றும் சமஉயரக் கோடு. தரை மெல்ல இறங்கும் உட்புறத்தில் வரிகள் அகன்று கிடக்கும். செங்குத்தான கரையை ஒட்டி நெருங்கி நிற்கும்.

இந்த நெருக்கத்துக்குக் கொத்தனாரிடம் சொல் உண்டு: வாட்டம். தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து இரண்டு சுவரிலும் ஒரே மட்டத்தைக் குறிப்பார். பிறகு மொட்டைமாடித் தளத்துக்கு எந்தப் பக்கம் எவ்வளவு வாட்டம் என்று முடிவு செய்வார். ‘எந்தப் பக்கம்’ என்ற அந்தக் கேள்விதான் முக்கியம். நேர்கோட்டுக்குச் சாய்வு ஒன்றே. பரப்புக்கோ திசைதோறும் வெவ்வேறு.

ஒரு திசையை மட்டும் பார்க்கும் சாய்வைப் பாடநூல் ‘பகுதி வகைக்கெழு’ என்கிறது. ‘கெழுமுதல்’ என்றால் சேர்தல், பொருந்துதல். மாறியோடு சேர்ந்து நிற்கும் எண்ணுக்குக் ‘கெழு’ பொருத்தமான பெயர். ‘பகுதி’ என்பது, மற்ற மாறியை அசையாமல் நிறுத்தி ஒரு திசையில் மட்டும் நகர்வதைச் சொல்கிறது. பகுதி வகைக்கெழுவுக்கான வளைந்த குறியை (∂) லெஜாந்தர் 1786இல் எழுதினார். 1841இல் யாக்கோபி அதை நிலைநிறுத்தினார்.

இதை நில வரைபடத்திலிருந்தே கணக்கிடலாம். இந்திய நில அளவைத் துறையின் பழைய எண்முறையில் மதுரை நகரம் 58 கே/1 வரைபடத் தாளில் வரும். 1:50,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். திருப்பரங்குன்றத்துச் சரிவில் 200 மீட்டர் கோட்டின் மேல் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். நேர் கிழக்கே 4 மில்லிமீட்டரில் 180 மீட்டர் கோடு வந்தால், 200 மீட்டர் தூரத்துக்கு 20 மீட்டர் இறக்கம்: கிழக்குத் திசை வகைக்கெழு சுமார் −0.1. வடக்கே 10 மில்லிமீட்டரில் 220 மீட்டர் கோடு வந்தால், 500 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம்: +0.04. மாறாக, அந்தப் புள்ளியில் கோடு கிழக்கு மேற்காகவே ஓடினால் கிழக்கு வாட்டம் பூஜ்யம். சேற்று வரியைப் பிடித்து நடப்பவர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

ஒரு பக்கம் மட்டும் பார்த்துச் சொல்வது தோராயமே. மேற்கே 3 மில்லிமீட்டரில் 220 மீட்டர் கோடு இருந்தால், இரு பக்கமும் சேர்த்து 350 மீட்டருக்கு 40 மீட்டர் இறக்கம். அப்போது −0.114 என்பதே உண்மைக்கு நெருங்கிய விடை.