சரளையும் சரித்திரமும்

இங்கிலாந்தில் வடக்கு யார்க்‌ஷைர் பக்கம் தார்ன்பரோ என்று ஓர் ஊர். அங்கே மூன்று பெரிய வட்ட மண்மேடுகள் இருக்கு. ஒவ்வொன்றும் சுமார் 240 மீட்டர் அகலம், வயசு ஏறக்குறைய 5000 வருஷம். பக்கத்திலேயே சரளைக் குவாரி!

ஏன் இப்படி? ஆற்றோரச் சரளை நிலத்தில் தண்ணீர் தேங்காது. ஆதி மனுஷன் அங்கே தங்கினதும் அதனால்தான். இன்னிக்கு மெஷின் போய் நிற்கிறதும் அதே இடத்தில்தான்.

தோண்டறவங்களே ஆய்வுச் செலவை ஏத்துக்கணும் என்ற வழக்கத்தை, 1990-ல் வந்த பிபிஜி 16 என்ற அரசு வழிகாட்டுதல் அங்கே நிலைநிறுத்தியது. முதலில் வான்வழிப் படம், அப்புறம் காந்தமானி, கடைசியாக சோதனைக் குழிகள். ஆனா இந்தக் குழிகள் நிலத்தில் ஒரு சின்னப் பங்கைத்தான் தொடும். நம்ம டெஸ்டிங் மாதிரியேதான், பார்த்த இடத்தில் பக் இல்லைன்னா பக்கே இல்லைன்னு அர்த்தமில்லை :-)

தார்ன்பரோ குவாரி விரிவாக்கத்தை 2006-ல் கவுண்டி கவுன்சில் மறுத்தது. பரப்பைக் குறைத்துக் கேட்டதும் 2007-ல் அனுமதித்தது. வட்டங்கள் தப்பித்து, 2023, 2024-ல் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வசம் வந்துவிட்டன. குவாரிக்குப் போன நிலத்துக்கு? ஆய்வு அறிக்கையில் எழுதினது மட்டும்தான் மிச்சம். அதை ஒழுங்கா எழுதலைன்னா, சரளைக்கு அன்டூ கிடையாதுங்க.