ஸ்பானிஷ் வினைச்சொல் அட்டவணையில் ஒரு சண்டை

ஸ்பானிஷ் கற்றுத்தரும் புத்தகம் எதைத் திறந்தாலும் முதல் சில பாடங்களுக்குள் ஓர் அட்டவணை வந்துவிடும். 'அமார்' என்றால் நேசிப்பது. கடைசியில் உள்ள 'ஆர்' விகுதியைக் கழற்றிவிட்டு ஆளுக்கேற்ற விகுதியை மாட்ட வேண்டும். நிகழ்காலத்தில் இப்படி வரும்: ஆமோ (நான்), ஆமஸ் (நீ), ஆம (அவன், அவள்), அமாமோஸ் (நாங்கள்), அமாயிஸ் (நீங்கள் பல பேர்), ஆமன் (அவர்கள்). நம்ம 'பேசுகிறேன், பேசுகிறாய்' மாதிரியேதான். விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லாமலே பேசலாம். 'ஆர்' என்று முடியும் ஒழுங்கான வினைகள் எல்லாவற்றுக்கும் இதே ஆறு விகுதிகள். பேலன்ஸ் ஷீட் போடுவதை விடச் சுலபம் :-)

ஆனால் இந்த ஆறு கட்டங்களுக்குள் யாருடைய பேச்சு இருக்கலாம், யாருடையது கூடாது என்று பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

அடிப்படை லத்தீன்தான். அதில் 'நீங்கள் நேசிக்கிறீர்கள்' என்பது 'அமாதிஸ்'. பழைய ஸ்பானிஷில் அது 'அமாதெஸ்' ஆனது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் நடுவில் இருந்த மெய்யொலியும் தேய்ந்து ஒரு பக்கம் 'அமாயிஸ்', இன்னொரு பக்கம் 'அமாஸ்' என்று இரண்டு வடிவங்கள் பிறந்தன. இரண்டும் கூடப்பிறந்தவை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1492 ஆகஸ்ட் 3இல் கொலம்பஸ் கப்பல் ஏறினார். பதினைந்தே நாளில், ஆகஸ்ட் 18இல், நெப்ரிஹா எழுதிய காஸ்தீலிய மொழி இலக்கணம் சலமாங்காவில் அச்சாகி வெளிவந்தது. வீட்டில் பேசும் மொழிக்கு இலக்கணம் எதற்கு என்று இசபெல் ராணி கேட்டாராம். ஜெயித்த நாடுகளின் மக்கள் நம் சட்டங்களை ஏற்க வேண்டும், அதற்கு நம் மொழியைக் கற்க வேண்டும் என்று ஆவிலா பிஷப் பதில் சொன்னதாக நெப்ரிஹாவே முன்னுரையில் எழுதுகிறார்.

அந்தக் காலத்தில் ஒருவரை மரியாதையாக 'வோஸ்' என்று அழைப்பார்கள். எல்லோரையும் அப்படி அழைக்கப் போய் அதன் மதிப்பு இறங்கிவிட்டது. மரியாதைக்குப் புதிதாக 'புவெஸ்த்ரா மெர்செத்' வந்தது, 'தங்கள் கருணை' என்கிற மாதிரி. அதுவே தேய்ந்து 'உஸ்தெத்' ஆயிற்று. எதிரில் நிற்பவரிடமே 'ஐயா சாப்பிட்டாரா?' என்று கேட்கிறோமே, அதே கதை. அதனால்தான் உஸ்தெத்துக்கு இன்றும் அவன், அவளுக்குரிய 'ஆம' விகுதி வருகிறது.

ஸ்பெயின் வோஸைக் கைவிட்டது. மெக்சிகோ, லீமா போன்ற வைஸ்ராய் நகரங்களும் அப்படியே பின்பற்றின. ஆனால் தூரத்தில் இருந்த அர்ஜென்டினா பக்கத்திலும் மத்திய அமெரிக்காவிலும் வோஸ் நிலைத்துவிட்டது, 'அமாஸ்' என்ற வடிவத்தோடு. அங்கே நண்பனிடம் 'நீ நேசிக்கிறாய்' என்று சொல்ல 'ஆமஸ்' இல்லை, 'அமாஸ்'தான்.

படித்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. கராகஸில் பிறந்து சிலேயில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பெல்யோ, 1847இல் அமெரிக்கக் கண்டத்தவர்களுக்காகவே ஓர் இலக்கணம் எழுதியவர். அவரே வோஸைக் கொச்சை என்று ஒதுக்கினார்! நல்ல மனிதர், ஆனால் இந்த விஷயத்தில் அவர் செய்தது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. 1941இல் அமெரிகோ காஸ்த்ரோ என்ற ஸ்பானிய அறிஞர் புவெனோஸ் ஐரிஸ் பேச்சையே குறைபாடாகக் காட்டிப் புத்தகம் போட்டார். போர்ஹெஸ் அதைக் கிண்டலடித்துக் கிழித்துவிட்டார். ஆனாலும் வீட்டில் ஒன்று பேசிவிட்டு வகுப்பில் வேறொன்றை ஒப்பிப்பது ரொம்ப நாள் தொடர்ந்தது. 1982இல்தான் அர்ஜென்டினா மொழி அகாதெமி வோஸை முறையான வடிவமாக ஏற்றது.

இன்னொரு வேடிக்கை. லத்தீன் அமெரிக்காவின் அன்றாடப் பேச்சில் 'அமாயிஸ்' கிடையாது. பல பேரிடம் பேசும்போதும் 'ஆமன்'தான். அந்தக் கட்டம் பெரும்பாலும் ஸ்பெயினுக்கு மட்டுமே. இருந்தும் பாடப்புத்தகங்களில் அது தவறாமல் இருக்கும். கூடப்பிறந்த 'அமாஸ்' பல புத்தகங்களில் அடிக்குறிப்போடு சரி. ஸ்பெயினில் ஐந்து கோடிக்குச் சற்றுக் குறைவான மக்கள். 2022 கணக்கெடுப்பின்படி அர்ஜென்டினாவில் மட்டுமே சுமார் 4.6 கோடி.