பாலாற்றங்கரையில் முன்பணம்

1933-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு சின்னச் சட்டம் கொண்டுவந்தது. பிள்ளையின் உழைப்பை அடகு வைத்துப் பணம் வாங்கும் ஒப்பந்தம் இனிச் செல்லாது. அடகு வைத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், பிள்ளையை வேலைக்கு வைத்தவருக்கு 200 ரூபாய் வரை. தொழிலாளர் நிலையை ஆராய வந்த விட்லி ஆணையம் 1931-இல் தந்த அறிக்கைதான் இதற்குக் காரணம். அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை என்று ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில், கம்பளத் தறிகளிலும் பீடிப் பட்டறைகளிலும், பிள்ளைகள் கடனுக்கு ஈடாக உட்கார்ந்திருப்பதை அந்த ஆணையம் பதிவு செய்திருந்தது.

அதற்கு முன்பு சட்டம் முதலாளி பக்கம்தான் நின்றது. கல்கத்தா வணிகர்கள் வற்புறுத்தி 1859-இல் வந்த சட்டம் ஒன்றின்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைக் கொடு, இல்லையேல் வேலையைச் செய் என்பார் அவர். மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவல். 1843-இலேயே அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று விதித்த அதே அரசு, பதினாறே ஆண்டுகளில் முன்பணத்துக்குச் சிறையைக் காவல் வைத்தது. 1925-இல்தான் இந்தச் சட்டத்தை நீக்க முடிவெடுத்தார்கள். முன்பணம் என்பது உதவி, வாங்கியவர் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் ஊருக்குள் அவ்வளவு ஆழமாக வேர்விட்டதில் அந்த அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பங்கு உண்டு.

1933-ஆம் ஆண்டுச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. வேலூரைச் சுற்றிய வட ஆற்காட்டில் பீடி சுற்றும் பிள்ளைகள் பட்டறையில் இருந்தார்கள். 1996-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியக் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இந்த மாவட்டத்துப் பீடித் தொழிலும் இடம்பெற்றது. தமிழ்நாட்டுப் பீடிச் சிறுமி ஒருத்தி தன் அக்காவைப் பற்றி அதில் சொல்கிறாள். அக்காவுக்குப் பத்து வயது. காலை ஏழு மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. மீட்க வேண்டிய தொகை 600 ரூபாய்.

அந்த 600 ரூபாயை ஏன் கட்ட முடியவில்லை? கல்யாணம், சாவு, வைத்தியம் என்று ஏதோ ஒன்றுக்குக் குடும்பம் முன்பணம் வாங்கும். பிள்ளை போய் பீடி முனையை மடிக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் சுற்றும். ஆனால் அந்த உழைப்பில் ஒரு பைசாகூட அசலில் கழியாது. அசலை ஒரே தவணையில் மொத்தமாகக் கட்டினால்தான் பிள்ளை வெளியே வரும். அன்றாடம் காய்ச்சும் வீட்டில் மொத்தமாகப் பணம் ஏது? ஆக, கடன் அடைவதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல. ஆள் நிற்பதற்காகக் கொடுக்கப்பட்டது.

வேலூர் ஆட்சியராக இருந்தபோது இந்தப் பிள்ளைகளை மீட்கும் வேலையில் இறங்கியவர் எம்.பி. விஜயகுமார். மீட்டு வந்தவர்களுக்குத் தனிப் பள்ளிகள் அமைத்தபோது இன்னொரு சிக்கல் முளைத்தது. வருடக்கணக்கில் பட்டறையில் இருந்த பிள்ளை கரும்பலகை முன்னால் உட்கார மாட்டேன் என்றது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் பிள்ளைகள் அவரவர் வேகத்தில் அட்டைகளை எடுத்துப் படிக்கும் முறை இருந்தது. அதை இங்கே கொண்டுவந்தார்கள். பின்னர் அவர் சென்னை மாநகராட்சிக்குப் போனபோது அந்த முறையும் கூடப் போனது. 2007-இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதும் பரவியது. பாய் விரித்து, கற்றல் ஏணிப்படி பார்த்து, அட்டை எடுத்துப் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு, இதன் ஒரு வேர் வேலூர்ப் பீடிப் பட்டறையில் இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருக்க வேண்டும்.

பட்டறைகளில் பிள்ளைகள் குறைந்தாலும் முன்பணம் ஊரைவிட்டுப் போகவில்லை. அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டும் கூப்பு என்று இடம் மாறியது. 2019 ஜூலையில் காஞ்சிபுரத்திலும், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நெமிலிப் பகுதியிலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர் பழங்குடியினர் மீட்கப்பட்டார்கள். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழும் படம் நாடெங்கும் பரவியது. சுதந்திரம் வந்து 72 ஆண்டு ஆகப்போகிற வேளை அது.

இதே பாலாற்றங்கரையின் இன்னொரு தொழிலான தோல் தொழிலின் கதை வேறு திசையில் போனது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய மாட்டுத்தோல் இங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போன காலம் ஒன்று. 1970-களில், தோல் தொழிலை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், பாதி பதப்படுத்திய தோலை அப்படியே அனுப்புவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. செருப்பாகவும் ஷூவாகவும் முடித்து அனுப்பு என்றது. அதன் பிறகுதான் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகின. காலை நேரத்தில் பெண்கள் நிரம்பிய கம்பெனி வேன்கள் ஓடத் தொடங்கின. மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று முன்பணத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கையைப் பல குடும்பங்கள் முதன்முதலாகப் பார்த்தது இங்கேதான். அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் கம்பெனி கேட்டுக்கு வெளியேயும் ஷூ தயாராகிறது. ஷூவின் மேல்பகுதியான அப்பரைக் கையால் தைக்கும் வேலை ஏஜென்ட் மூலம் வீட்டுத் திண்ணைக்கு வருகிறது. 2016-இல் லேபர் பிஹைண்ட் த லேபல் உள்ளிட்ட அமைப்புகள் ஆம்பூர்ப் பகுதியின் வீட்டுத் தொழிலாளிகளைச் சந்தித்து அறிக்கை எழுதின. ஒரு ஜோடிக்குக் கிடைத்த கூலி ஏறக்குறைய பத்து ரூபாய். ஒப்பந்தம் கிடையாது, பி.எஃப். கிடையாது, வேலை என்றைக்கு வரும் என்பதும் தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டை ஒட்டிய சிட்கோ வளாகத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் பதனிடும் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை செய்த இடத்திலேயே படுத்திருந்தவர்கள்.

அதே 2015-இல்தான் பிரிட்டன் நவீன அடிமைத்தனச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ வரவுள்ள கம்பெனி, தன் சரக்கு வரும் வழியில் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தது என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். எதுவும் செய்யவில்லை என்று எழுதினாலும் அந்தப் பிரிவு நிறைவேறிவிடும். 2023-இல் நடைமுறைக்கு வந்த, இதே நோக்கமுள்ள ஜெர்மன் சட்டம் அபராதமும் விதிக்கும். இரண்டுக்கும் பதில் தேடி ஆய்வாளர்கள் ஆம்பூருக்கு வருகிறார்கள். அவர்கள் பார்ப்பது கம்பெனியின் தீயணைப்புக் கருவியும் வருகைப் பதிவேடும். திண்ணையில் தைப்பவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நம் சட்டம் இதைவிட ஆழமாகப் போயிருக்கிறது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி ஒரு அளவுகோல் வைத்தார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு. சவுக்கும் சங்கிலியும் தேவையில்லை, பசியின் நெருக்கடியே போதும். ஒரு ஜோடி அப்பர் தைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, பத்து ரூபாயை அதனால் வகுத்தால், அது எந்தப் பக்கம் விழுகிறது என்பது தெரிந்துவிடும். வாங்கும் கம்பெனி முதலில் செய்ய வேண்டிய கணக்கு இது. அடுத்தது ஏஜென்ட்களின் பட்டியல், அவர்கள் கொடுத்திருக்கும் முன்பணம் எவ்வளவு என்பதோடு.

1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு வைக்கச் சொல்கிறது. ஆட்சியர் அல்லது அவர் நியமிப்பவர் தலைவர். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மூவர், சமூக சேவகர் இருவர், வங்கி, கடன் நிறுவனங்களின் சார்பில் ஒருவர். கடனே வேர் என்று தெரிந்ததால்தான் வங்கிக்கு இடம் ஒதுக்கினார்கள். 2019 வரை ஆம்பூரும் சேர்ந்திருந்த வேலூர் மாவட்டத்தில் அந்தக் குழுவுக்குப் பொறுப்பான ஆட்சியர் அலுவலகம் சத்துவாச்சாரியில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது. ஆம்பூர் ஷூ ஏற்றிய கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு அந்தச் சாலை வழியாகத்தான் போகின்றன. லண்டனில் எழுதப்படும் அறிக்கையின் ஒரு படியை இந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிட்டன் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. கண்காணிப்புக் குழுவில் ஏற்றுமதியாளருக்கென்று நாற்காலியும் இல்லை.