கடைசி இடத்தில் ஓர் அணி: தமிழ் தலைவாஸின் 2019ஆம் ஆண்டு

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி வட்டாரங்களில் அறுவடை முடிந்த காலத்தில் இரவுப் பயணம் செய்தோர் அக்காட்சியைக் கண்டிருப்பர். ஊர்ப் பொட்டலில் மூங்கில் கட்டி விளக்கேற்றியிருப்பார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஏழு பேர், நடுக்கோட்டைத் தாண்டி மூச்சை அடக்கிப் பாடிவரும் ஒருவன், சுற்றிலும் ஊரே. மதுரைச் சமவெளியில் சடுகுடு என்பது வெறும் பொழுதுபோக்கன்று. ஓர் ஊர் மற்றோர் ஊரை மதிப்பிடும் அளவுகோல்களுள் ஒன்று. 2004இல் வெளிவந்த 'கில்லி' திரைப்படத்தில் சென்னைக் கபடி வீரன் ஒருவனை ஆட்டத்தின் பொருட்டு மதுரைக்கு அனுப்பியதில் வியப்பேதுமில்லை. வேறெந்த ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்?

இத்தகைய மண்ணின் பெயரைத் தாங்கிய தொழில்முறை அணி ஒன்று, 2019ஆம் ஆண்டில் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாவதாக முடிந்தது. அதன் கதையே இக்கட்டுரை.

புரோ கபடி லீக் 2014இல் எட்டு அணிகளுடன் தொடங்கியபோது தமிழகத்திற்கு இடமில்லை. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முதலாகப் பதக்க ஆட்டமானபோது தங்கம் வென்ற இந்திய அணியில் ராஜரத்தினம் இருந்தார். 1994 ஹிரோஷிமாவில் மணத்தி கணேசன் இருந்தார். அவ்வளவு மரபுடைய மாநிலம் மூன்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2017இல் தமிழ் தலைவாஸ், குஜராத், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. சச்சின் டெண்டுல்கர் அப்போது தலைவாஸின் உரிமையாளர்களுள் ஒருவராக இருந்தார். கமல்ஹாசன் அப்போது விளம்பரத் தூதராக இருந்தார். அவ்வாண்டே மற்ற மூன்று புதிய அணிகளும் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றன. தமிழ் தலைவாஸ் மட்டும் தன் பிரிவில் கடைசி. 2018இலும் அதே நிலை.

இங்கே குஜராத்தைச் சற்று நோக்குதல் வேண்டும். கபடிக்கெனப் பெரிய பெயரில்லாத மாநிலம் அது. அவ்வணி பெயர் தெரியாத இளைஞர்களைத் திரட்டி, மன்பிரீத் சிங்கின் பயிற்சியில் 2017, 2018 ஆகிய இரண்டாண்டுகளிலும் இறுதியாட்டம் வரை சென்றது. தலைவாஸ் நிர்வாகம் இதிலிருந்து கற்ற பாடம் நேர்மாறானது. 2019 ஏலத்தில் ராகுல் சௌத்ரியை 94 லட்ச ரூபாய்க்கு வாங்கினார்கள். ஏற்கெனவே அஜய் தாக்கூர் இருந்தார், மஞ்சீத் சில்லர் இருந்தார். மோகித் சில்லரும் ரன் சிங்கும் உடன் சேர்ந்தனர். 2015இல் யு மும்பா அணியைக் கோப்பை வெல்லச் செய்த எடச்சேரி பாஸ்கரன் பயிற்சியாளர். காகிதத்தில் பார்த்தால் இதனினும் வலிய அணி அவ்வாண்டில் இல்லை எனலாம். ஆயினும் அஜய், மஞ்சீத் இருவரும் முப்பதைக் கடந்தவர்கள்; மூன்று மாதங்களில் இருபத்திரண்டு ஆட்டங்கள் என்பது முழங்காலும் தோளும் பொறுக்கும் கணக்கன்று.

ஜூலை 21 அன்று ஹைதராபாத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 39-26 என வென்றபோது எல்லாம் நன்றாகவே தோன்றியது. அடுத்த ஆட்டத்தில் டெல்லியிடம் 29-30. ஒரே ஒரு புள்ளி! அவ்வாண்டு முழுவதற்குமான முன்னறிவிப்பு அதுவே என்று பின்னர்தான் புரிந்தது. ஆகஸ்டில் ஆட்டங்கள் சென்னைக்கு வந்தபோது, முதல் நாளே பெங்களூரு அணி சொந்த மக்கள் முன்னிலையில் தலைவாஸை வீழ்த்திற்று. பாஸ்கரன் பருவத்தின் நடுவிலேயே விலகினார், உதயகுமார் பொறுப்பேற்றார். தோல்வி நின்றபாடில்லை.

முடிவில் 4 வெற்றி, 15 தோல்வி, 3 சமன்; 37 புள்ளிகள். இந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பது பயனுடையது. வெற்றிக்கு 5, சமனுக்கு 3 எனக் கொண்டால் 29தான் வரும். எஞ்சிய 8 புள்ளிகள், ஏழோ அதற்குக் குறைவோ ஆன வித்தியாசத்தில் தோற்றோர்க்கு ஆறுதலாக அப்போது வழங்கப்பட்டவை. அதாவது பதினைந்து தோல்விகளுள் எட்டு, கைக்கெட்டும் தொலைவில் நழுவியவை. கடைசி ஐந்து நிமிடங்களில் ஆட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நிதானம் அவ்வணிக்கு இல்லை. புகழ் பெற்ற மூவருள் யார் பாடிப் போவது, யார் பொறுத்திருப்பது என்பதே தீராத குழப்பமாக இருந்தது என்பது என் எண்ணம்.

நம்மவர் பலரும் வேறு குறை கூறினர். தமிழ்ப் பெயருள்ள அணியில் தமிழர் எத்தனை பேர் என்றனர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. தஞ்சைப் பகுதியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னாவிற்குத் தலைமையேற்றுக் கோப்பை வென்றவர். அதே 2019இல், தம் நாற்பத்து நான்காம் வயதில், ஹரியானா அணிக்குத் தலைமை தாங்கி அதனை அடுத்த சுற்றுக்குக் கொண்டு சென்றார். தலைவாஸின் முதலாண்டில் நன்றாக ஆடிய பிரபஞ்சனும் அவ்வணியிலேயே இருந்தார். ஹரியானாவிற்குத் தமிழர் இருவர் உழைக்க, தமிழ் தலைவாஸிற்கு வடக்கத்தியர் உழைத்த விந்தை இது. எனினும் பிறப்பிடம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் 2022இன் நிகழ்வுகளை எவ்வாறு விளக்குவது?

அவ்வாண்டு 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேறினார். வேறு வழியின்றி நரேந்தர் முதலிய இளைஞர்களை நம்பி ஆடவேண்டியதாயிற்று. பெரும்பாலோர் வடக்கத்தியரே. அந்த அணிதான் முதன்முறையாக அரையிறுதியை எட்டி, புனேயிடம் இரண்டே புள்ளிகளில் தோற்றது.

2019இன் ஒரே பேறு அஜித் குமார் எனும் தமிழ் இளைஞர். மூத்தவர்கள் தளர்ந்தபோது இவர் பாடிப் போய்ப் புள்ளிகளோடு திரும்பினார். அவரைப் போன்றோரைத் தேடிப் பிடிக்க அணியின் ஆட்கள் எந்தப் பொட்டல்களுக்குச் சென்றிருக்க வேண்டும் என்பது மதுரைப் பக்கத்தாருக்குத் தெரியும். அவ்வாண்டு ஆட்டங்கள் நடந்த பன்னிரண்டு நகரங்களுள் மதுரை இல்லை. சென்னை உள்ளரங்கின் செயற்கை விரிப்பு, இங்கிருந்து நானூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் கிடந்தது. உசிலம்பட்டிப் பையன்கள் தம் பெயர் தாங்கிய அணி தோற்பதைத் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, இரவு ஆட்டத்திற்கு மண்ணை நனைக்கப் போனார்கள்.