கோடை பண்பலையும் ஸ்வீடன்காரர்களும்

மலை உச்சியிலிருந்து அனுப்பினால் எஃப்.எம். தூரம் போகும். கொடைக்கானலின் கோடை பண்பலை 100.5 சமவெளியில் கேட்பது அதனால்தான். அனுப்பும்போது உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்குவார்கள். ரேடியோ அதே அளவு இறக்கணும். இந்தியாவில் அந்தக் கணக்கு 50 மைக்ரோசெகண்ட், அமெரிக்காவில் 75. பாக்கெட் பிளேயரின் ஃபர்ம்வேர் அமெரிக்கக் கணக்குப் போட்டால் ஜால்ராவின் கணீர் மழுங்கிவிடும். பழைய ஜப்பான் கணக்கு என்றால் 90 மெகாஹெர்ட்ஸோடு சரி, கோடை வராது!

2001-ல் ஸ்வீடன்காரர்கள் சிலர், ஆர்க்கோஸ் பிளேயருக்குத் தாங்களே புது ஃபர்ம்வேர் எழுத ஆரம்பித்தார்கள். பெயர் ராக்பாக்ஸ். பிற்பாடு எத்தனையோ பிளேயர்களுக்குப் பரவியது. பாஸ், ட்ரெபிள், ரேடியோவின் தேசம் எல்லாம் கேட்பவர் கையில். காசு கொடுத்து வாங்கின பெட்டி எப்படிப் பாடணும்னு யார் சொல்வது? விஷயமே அதுதான்.